ஒரு டிஷ், நாலு ரூம்: வீட்டுக்குள் டிவி சிக்னல் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் டிஷ் சம்பந்தமாக யார் வீட்டு மாடிக்குப் போனாலும் இறங்குவதற்குள் இந்தக் கேள்விகள் வந்துவிடுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் டிடி ஃப்ரீ டிஷ் பற்றியது. கட்டண டிடிஎச்சும் கேபிளும் பின்பகுதியில் வருகின்றன.

"பழைய மீன்முள்ளு ஆண்டெனா மாடியிலயே கெடக்கு. அதுல வயர மாட்டி மூணு ரூமுக்கும் பிரிச்சுக்கலாமாண்ணே?"

வயரைப் பிரிக்கலாம், ஆனால் பிரிப்பதற்கு அதில் ஒன்றும் வராது. கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, "வருதா? வருதா?" என்று மாடியிலிருந்து கத்திய காலம் முடிந்தது. முக்கியமான சில இடங்களைத் தவிர்த்து, மற்ற ஊர்களில் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை 2022 மார்ச்சோடு முடித்துக்கொள்வது என்று தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. அதற்குப் பதிலாக வந்த தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016-ல் 16 நகரங்களுக்கு அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து பட்டியலில் இருந்தது சென்னை மட்டும்தான். ஆக, மாதக் கட்டணம் இல்லாமல் டிவி பார்க்க நமக்கு இருக்கும் வழி டிஷ்.

அந்தக் குழாயைத் தூக்கிப் போட வேண்டாம். துருப்பிடிக்காமல், ஆடாமல், நேர்குத்தாக நின்றால் டிஷ்ஷை அதிலேயே பூட்டலாம். பழைய தட்டை வயர் மட்டும் எதற்கும் ஆகாது.

"ஃப்ரீ டிஷ்னா மாசாமாசம் காசு கட்ட வேணாமா? ரூமுக்கு ஒரு டிஷ் வாங்கணுமா?"

மாதக் காசு கிடையாது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டிஷ், செட்டாப் பெட்டி, வயர், பொருத்தும் கூலி ஆகியவற்றோடு செலவு முடிந்தது.

டிஷ் ஒன்று போதும், சாதாரண 2 அடி டிஷ். ஆனால் ஒவ்வொரு ரூமிலும் தனித்தனி சேனல் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு டிவிக்கும் ஒரு பெட்டி வேண்டும். டிஷ் எல்லாச் சேனலையும் மொத்தமாகக் கீழே அனுப்புகிறது. அதில் எது வேண்டும் என்று பொறுக்குவது பெட்டியின் வேலை.

"எங்க வீட்டுக்குக் கிழக்க பக்கத்து வீட்டு தண்ணித் தொட்டி மறைக்குது. டிஷ் எடுக்குமா?"

பெரும்பாலும் எடுக்கும். மதுரையிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், வடக்கிலிருந்து வலப்பக்கமாக ஏறத்தாழ 122 டிகிரியில் இருக்கிறது. உயரம் தரையிலிருந்து சுமார் 68 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதனால் டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 10 அடி எழும் தொட்டியோ சுவரோ இருந்தால், அதிலிருந்து 4 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைத்தாலே பார்வை தப்பிவிடும். அடிவானத்தைப் பார்த்துக் கொண்டு "மறைக்குது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அண்ணாந்து பார்க்க வேண்டும்.

டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே நோக்குவது போலத் தெரியாது. நம் வீடுகளில் இருப்பது ஆஃப்செட் டிஷ். அதன் முகம் காட்டும் கோணமும் அது உண்மையில் பார்க்கும் கோணமும் வேறு. அதனால் கண்ணளவில் வானத்தைப் பார்த்துத் திருப்பாதீர்கள். பின்னாலிருக்கும் அளவுத் தகட்டைப் பார்த்து வையுங்கள்.

தென்னை மட்டை மறைக்குமா என்று சந்தேகமா? மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டி, சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் மேல் மட்டையின் நிழல் விழவில்லை என்றால் வழி சுத்தம். மீட்டர் வைத்திருப்பவர்கள்கூட இதைச் செய்து பார்க்கலாம், காசா பணமா.

"கேபிள்காரர் குடுத்த ஸ்பிளிட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு. அதையே போட்டா போதும்ல?"

போதாது. அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள், 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். டிஷ் முன்னாலிருந்து அலையைப் பிடித்து வயரில் இறக்கும் எல்என்பி கீழே அனுப்புவது 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. கணக்கு எளிது: ஃப்ரீ டிஷ் அலைவரிசைகளில் ஒன்று 11090, எல்என்பி அதிலிருந்து 9750-ஐக் கழித்து 1340 ஆக வயரில் இறக்குகிறது. இன்னொன்று 11630, அது 1880 ஆக இறங்குகிறது. இரண்டுமே கேபிள் ஸ்பிளிட்டரின் எல்லைக்கு வெளியே.

கடையில் "டிஷ்ஷுக்குப் போடும் ஸ்பிளிட்டர், 2400 வரை" என்று கேட்டு, அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரே கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும்.

"ஸ்பிளிட்டர் நல்லதா, ரெண்டு வாய் எல்என்பி நல்லதா?"

இதற்கு முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும். செயற்கைக்கோள் அலைகள் வெர்டிகல், ஹரிசாண்டல் என்று இரண்டு வகையாக வரும். வெர்டிகல் வேண்டுமென்றால் பெட்டி வயர் வழியாக 13 வோல்ட் அனுப்பும். ஹரிசாண்டலுக்கு 18 வோல்ட். ஒற்றை எல்என்பி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கொடுக்கும். இரண்டு பெட்டிகள் ஒரே வயரில் இருந்து, ஒன்று 13-ம் மற்றது 18-ம் கேட்டால் அங்கே சண்டை. 18 ஜெயிக்கும், மற்ற ரூமில் படம் போகும்.

ஃப்ரீ டிஷ்ஷில் இந்தச் சண்டை இல்லை. சேனல்கள் வெர்டிகலில் வருவதால் எல்லாப் பெட்டியும் 13 வோல்ட்டையே கேட்கும். அதனால்தான் ஒற்றை எல்என்பியும் ஒரு ஸ்பிளிட்டரும் போதுமாக இருக்கிறது. கட்டண டிடிஎச்சுக்கு இது பொருந்தாது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

இருந்தாலும் என்னைக் கேட்டால், புதிதாக வயர் இழுக்கும் வீட்டில் இரண்டு வாய் அல்லது நான்கு வாய் எல்என்பி போட்டு ரூமுக்கு ஒரு வயர் தனித்தனியாக இறக்குவதே நல்லது. ஒரு ரூமில் கோளாறு வந்தால் மற்ற ரூமைத் தொடாது. ஏற்கெனவே சுவருக்குள் ஒற்றை வயர் ஓடும் வீட்டில் ஸ்பிளிட்டர்தான் வழி. சுவரை உடைக்கும் அளவுக்கு டிவி முக்கியமில்லை.

"ஸ்பிளிட்டர் போட்டா சிக்னல் பாதியாயிடும்னு சொல்றாங்களே?"

உண்மைதான். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வாயிலும் பாதிச் சக்தி, அதாவது 3 டெசிபெல் குறையும். ஸ்பிளிட்டரின் சொந்த இழப்பும் சேர்ந்து 4 பக்கம் வரும். நான்காகப் பிரித்தால் 7, 8. பயப்பட வேண்டாம். எல்என்பி கொடுப்பது தேவைக்கு மேலேயே இருக்கும். டிஷ் சரியாகத் திருப்பியிருந்தால் நான்கு ரூம் வரை தாங்கும். டிஷ்ஷே அரைகுறையாக நின்றால் ஒரு ரூமுக்கே தகராறுதான்.

இரண்டு ஸ்பிளிட்டரை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி நான்காக்குவதைவிட, ஒரே நான்கு வாய் ஸ்பிளிட்டர் மேல். இணைப்புகள் குறைந்தால் கோளாறும் குறையும். பயன்படுத்தாத வாயைத் திறந்து விடாமல், அதற்கென்று கிடைக்கும் மூடியைத் திருகி வையுங்கள்.

"மாடியிலிருந்து பின்கட்டு ரூமுக்கு நூறு அடிக்கு மேல வருது. வயர் எவ்வளவு நீளம் தாங்கும்?"

ஆர்ஜி-6 வயர் போடுங்கள். கேபிளுக்குப் போட்டிருந்த மெல்லிய ஆர்ஜி-59 வயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டிஷ் சிக்னலின் மேல்பகுதியில், அதாவது 2150 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஆர்ஜி-6 வயரே 10 மீட்டருக்கு 3 டெசிபெல் அளவில் தின்னும். 30 மீட்டர், அதாவது 100 அடி ஓடினால் 9 போகும், அது பரவாயில்லை. 50 மீட்டரைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியில் திறந்து கிடக்கும் வயரின் மேலுறை சில கோடைக்குள் வெடித்துவிடும். பிவிசி குழாய்க்குள் விட்டு இறக்குங்கள். அழகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்குக் குழாய் இன்னொரு விதத்திலும் உதவும்: குரங்கு ஊஞ்சலாடாது.

"எல்லாம் புதுசு, ஆனாலும் விட்டு விட்டு வருது. ஏன்?"

பத்தில் எட்டு தடவை வயர் முனைதான். எல்லோரும் டிஷ்ஷைத் திருப்புகிறார்கள், வயர் முனையில் திருகும் எஃப் கனெக்டரை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. நல்ல முனை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலுறையை ஒரு விரற்கடை நீளத்துக்கு உரியுங்கள். உள்ளே மெல்லிய வலைக்கம்பி இருக்கும். அதை வெட்டாமல் பின்னோக்கி மடித்து உறை மேல் படிய விடுங்கள். வெள்ளை நுரையை ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள் அப்படியே இருக்கட்டும். பிறகு நுரையை வெட்டி நடுக்கம்பியை வெளியே எடுங்கள், கத்தி கம்பியில் கீறாமல். கனெக்டரை ஏற்றியபின் உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை நுரை அடிப்பகுதியோடு சமமாகத் தெரிய வேண்டும். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் தொடாது.

வலைக்கம்பியில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் 13 வோல்ட் ஷார்ட் ஆகிவிடும். பெட்டி "ஷார்ட்" என்று காட்டும் அல்லது சும்மா "சிக்னல் இல்லை" என்று நிற்கும். நம் ஆட்கள் சிலர் பல்லால் வயரை உரிப்பதைப் பார்த்திருக்கிறேன். உரிந்துவிடும்தான், ஆனால் அந்த ஒற்றை இழை பல்லுக்குத் தெரியாது.

எல்என்பியில் மாட்டும் முனைக்கு ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். வயர் அங்கே நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். மழைத்தண்ணீர் வயரோடு ஓடி வந்தாலும் அங்கேயே சொட்டிவிடும்.

"ஹால் பெட்டிய சுவிட்ச் போர்டுல ஆஃப் பண்ணினா பெட்ரூம் டிவியும் போயிடுதே?"

ஸ்பிளிட்டரில் "பவர் பாஸ்" என்று ஒரு வாய்க்கு மட்டும் குறி இருக்கும், பெரும்பாலும் சிவப்பில். எல்என்பிக்குப் போகும் கரண்ட் அந்த வாயில் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து மட்டும்தான் ஏறும். அந்தப் பெட்டி அணைந்தால் எல்என்பியும் அணையும், வீடு மொத்தமும் இருட்டு.

எல்லா வாயிலும் பவர் பாஸ் உள்ள, உள்ளே டையோடு வைத்த ஸ்பிளிட்டர் வாங்குங்கள். எந்தப் பெட்டி ஓடினாலும் எல்என்பி ஓடும். ஒரு பெட்டியின் கரண்ட் இன்னொன்றுக்குள் திரும்பியும் போகாது. அது கிடைக்கும் வரை, எப்போதும் ஓடும் டிவியின் பெட்டியைச் சிவப்பு வாயில் மாட்டுங்கள். நம் வீடுகளில் அது யார் டிவி என்று சொல்லத் தேவையில்லை.

"மூணு ரூம்லயும் ஒரே சேனல் ஓடுனா போதும். ஒரே பெட்டி வச்சு முடிச்சிரலாமா?"

முடிக்கலாம். பெட்டியின் எச்டிஎம்ஐ வாயில் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போட்டு டிவிகளுக்குப் பிரிக்கலாம். டிவி தூரமாக இருந்தால் நெட்வொர்க் வயர் வழியாக அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஜோடி வேண்டும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, மீனாட்சி திருக்கல்யாணம் நாட்களில் வீட்டுக்கு வந்த சொந்தபந்தம் எல்லோரும் ஒரே ஒளிபரப்பைத்தான் பார்ப்பார்கள். அதற்கு இது சரி.

தினசரிக்கு ஒத்துவராது. ரிமோட் ஹாலில், பார்ப்பவர் மாடியில். ஒரு வாரம் கழித்து இரண்டாவது பெட்டி வாங்கத்தான் போகிறீர்கள்.

"புது டிவியில டிஷ் வயர நேரா சொருகலாமாமே?"

சில டிவிகளில் சொருகலாம். பின்னால் திருகும் வாய் இரண்டு இருந்து ஒன்றில் சேட்டிலைட் என்று எழுதியிருந்தால் பெட்டி தேவையில்லை. உள்ளேயே டியூனர் உள்ள டிவிகளுக்கு 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித் தரமே வெளியிட்டது. மெனுவில் எல்என்பி வகையை யுனிவர்சல், 9750/10600 என்று வைத்துத் தேட விடுங்கள். ஸ்பிளிட்டரைப் பொறுத்தவரை அந்த டிவியும் ஒரு பெட்டிதான், மேலே சொன்ன விதிகள் அதற்கும் உண்டு.

"ஹால்ல வர்ற சில சேனல் பெட்ரூம்ல வரல. அதே டிஷ்தானே?"

முதலில் பெட்டியைப் பாருங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் எம்பெக்-4 முறையில் வரும் சேனல்கள் படமாகாது. அது வயர் குற்றமில்லை. பெட்டிகளை ரூம் மாற்றி மாட்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பெட்டி சரி என்றால் அலைவரிசையைக் கவனியுங்கள். காணாமல் போன சேனல்கள் எல்லாம் 11570, 11630 போல மேல்பக்கத்து அலைவரிசையில் இருந்தால், வயர் நீளமோ தரம் குறைந்த ஸ்பிளிட்டரோ காரணம். மேல்பகுதிதான் முதலில் தேயும். இன்னொன்று, ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் போகிறது. வரும், போகும், இடம் மாறும். ஹால் பெட்டியில் மறுபடி தேடி, பெட்ரூமில் தேடாமல் விட்டிருப்பீர்கள்.

"பூஸ்டர் போட்டா சரியாகுமா?"

நீளமான வயருக்கு மட்டும். 950–2150-க்கான லைன் ஆம்ப்ளிஃபையரை டிஷ் பக்கமாக, ஸ்பிளிட்டருக்கு முன்னால் போட வேண்டும். டிவி பக்கத்தில் போட்டால் தேய்ந்துபோன சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பெட்டி காட்டும் இரண்டு கோட்டில் "குவாலிட்டி" குறைவாக இருந்தால் பூஸ்டர் உதவாது. டிஷ்ஷைத் திருத்துங்கள்.

"மழை வந்தா எல்லா ரூம்லயும் போயிடுது."

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொஞ்ச நேரம் போவது இயல்பு. இந்த அலைவரிசையை மழைத்துளி விழுங்கும். தூறலுக்கே போனால் டிஷ் சரியாக நிற்கவில்லை. சேட் ஃபைண்டர் என்ற சிக்னல் மீட்டர் வைத்துத் திருத்துங்கள். அப்புறம், வெயிலடிக்கும் மார்ச் காலையில் 11 மணிக்குச் சில நிமிஷம் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். மேலே சொன்ன சூரியன்தான். தானாக வந்துவிடும்.

"எங்க வீட்ல காசு கட்டுற டிடிஎச் இருக்கு. அதே டிஷ்ல ஃப்ரீ டிஷ்ஷும், இன்னொரு ரூமுக்கு அதே கனெக்ஷனும் எடுக்கலாமா?"

ஒவ்வொரு கம்பெனி டிஷ்ஷும் ஒவ்வொரு செயற்கைக்கோளைப் பார்க்கிறது. டாடா ப்ளே கிழக்கு 83 டிகிரி, ஏர்டெல் 108.2. அந்த டிஷ்களில் 93.5-ல் இருக்கும் ஃப்ரீ டிஷ் விழாது, தனி டிஷ்தான்.

இன்னொரு ரூமுக்குக் கட்டணச் சேனல் வேண்டுமென்றால், வெர்டிகலும் ஹரிசாண்டலும் கலந்து வரலாம் என்பதால் சாதா ஸ்பிளிட்டர் நம்பகமில்லை. இரண்டு வாய் எல்என்பி போட்டு, கம்பெனியிடமே கூடுதல் இணைப்பும் பெட்டியும் வாங்க வேண்டும். ஒரு கார்டை இரண்டு பெட்டியில் ஓட்டும் வித்தை என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"அரசு கேபிள் வயர மூணா பிரிச்சா?"

வயர் பிரியும், படம் பிரியாது. சிக்னல் பூட்டித்தான் வருகிறது. டிவிக்கு ஒரு பெட்டி ஆபரேட்டரிடம் வாங்க வேண்டும். இதற்கு அந்த 1000 மெகாஹெர்ட்ஸ் ஸ்பிளிட்டர் சரியானது.

"மாடியில குடித்தனம் இருக்காங்க. எங்க டிஷ்லருந்து அவங்களுக்கு ஒரு வயர் குடுக்கலாமா? இடி விழுந்தா யாரு பொறுப்பு?"

ஃப்ரீ டிஷ் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், கட்டண இணைப்பைக் கொடுக்கக் கூடாது. நான்கு வாய் எல்என்பியில் அவர்களுக்கென்று தனி வாய் ஒதுக்கிவிட்டால் யார் பெட்டியை அணைத்தாலும் பேச்சு வராது.

இடி விஷயம் பொறுப்புக் கேள்வியல்ல, எர்த் கேள்வி. டிஷ் நிற்கும் கம்பத்தை வீட்டு எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் சேர்க்க எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். அதுகூட நேரடி இடியைத் தடுக்காது. சித்திரை, வைகாசிக் கோடை இடிக்கு பிளக்கையும் டிஷ் வயரையும் பெட்டியிலிருந்து கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு. மின்வாரிய லைன் அருகில் போகும் பக்கம் டிஷ் கம்பத்தை நடவே நடாதீர்கள். தட்டோடு பதித்த தளத்திலும் ஓட்டை போடாதீர்கள், ஒழுகும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் போல்ட் போடலாம்.

"திடீர்னு ஒரு ரூம்லயும் வரல. ஆளக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நாங்க என்ன பாக்கலாம்?"

ஒரு ரூமில் மட்டும் இல்லையென்றால் அந்த ரூமின் வயர் முனை, பெட்டி, அவ்வளவுதான். எல்லா ரூமிலும் இல்லையென்றால் சிவப்பு வாய்ப் பெட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், எல்லாப் பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஸ்பிளிட்டரைக் கழற்றி, டிஷ்ஷிலிருந்து வரும் வயரை ஒரே ஒரு பெட்டியோடு நேராக இணையுங்கள். இரண்டு வயரைச் சேர்க்கும் சின்ன ஜாயிண்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் போதும். படம் வந்தால் ஸ்பிளிட்டர்தான் போயிருக்கிறது, புதிது போடுங்கள். வரவில்லையென்றால் மாடிக்குப் போய் எல்என்பி முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள். முனையும் பளிச்சென்று இருந்தால், முந்தின நாள் காற்றில் டிஷ் நகர்ந்திருக்கும் அல்லது எல்என்பி செத்திருக்கும். அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.